மலையில்லா ஊரின் மலைச் சித்திரம்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் உள்ள ஏதேனும் ஒரு தொடக்கப்பள்ளியில் நுழைந்து, நான்காம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஆளுக்கொரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, மனத்துக்குப் பிடித்த காட்சி ஒன்றை வரையுங்கள் என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தால், திரும்பி வரும் தாள்களில் பெரும்பாலானவற்றில் இரண்டு முக்கோண மலைகளும், அவற்றின் இடுக்கில் கதிர் விரித்து எழும் சூரியனும், மலையடியிலிருந்து வளைந்து இறங்கும் ஓர் ஆறும், ஆற்றங்கரையில் ஒரு குடிசையும், குடிசைக்குப் பக்கத்தில் சாய்ந்த தென்னையும், வானத்தில் எண் மூன்றைப் படுக்கப் போட்டதுபோல நாலைந்து பறவைகளும் இருக்கக் காணலாம். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போய் வந்த எவரும் இந்தச் சித்திரத்தை ஒரு முறையாவது வரைந்திருப்பார். இதை எழுதுகிறவனும் வரைந்தவன்தான்.

ஆனால் அந்தக் குழந்தைகளின் சூரியன் மலையிடுக்கில் உதிப்பதில்லை. உப்பனாற்றுக்கு அப்பால், வங்கக் கடலின் விளிம்பிலிருந்து எழுகிறது. அந்தத் தாள்களில் உள்ளதுபோன்ற முக்கோண மலை கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் அவ்வட்டாரத்தில் இல்லை. குடிகாடு, ஈச்சங்காடு, பச்சையாங்குப்பம், சோனஞ்சாவடி முதலிய ஊர்களில் வீட்டு வாசலுக்கு வந்து நின்றால் தெரிபவை, சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளும், உருண்டு திரண்ட இரும்புக் கலங்களும், சாலையோரத்தில் வரிசை கட்டி நிற்கும் டேங்கர் லாரிகளும், இவற்றுக்கெல்லாம் பின்னால் தோணிகளைச் சுமந்து கிடக்கும் உப்பனாறுமே ஆகும். இவற்றில் ஒன்றேனும் தாளில் ஏறுவது அரிது. நாள்தோறும் கண்ணெதிரே நிற்பதைக் குழந்தையின் கை வரையவில்லை; ஒருநாளும் காணாததைத் தயக்கமின்றி வரைகிறது. சித்திரம் என்றால் இன்னதுதான் என்று யாரோ எப்போதோ கரும்பலகையில் போட்டுக் காட்டிவிட்டார்கள். அன்று முதல் கண் ஓய்வெடுத்துக் கொண்டது, கை மட்டும் வேலை செய்கிறது.

இளஞ்சிறாரிடம் கலை இரசனையை வளர்ப்பது எப்படி என்ற வினாவை ஆராயப் புகுவோர் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் இரசனை என்பது கையின் வித்தையன்று, கண்ணும் காதும் பெறும் சம்ஸ்காரம்; வரையக் கற்பிப்பதும் பார்க்கக் கற்பிப்பதும் ஒன்றே என்று நம்முடைய கல்வி நிர்வாகம் நெடுங்காலமாகக் கொண்டிருக்கும் எண்ணமே இத்துறையின் குறைபாடுகள் பலவற்றுக்கும் மூலகாரணமாக இருந்து வருகிறது.

ரசிகமணி என்று தமிழ்நாடு கொண்டாடிய டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) கவிதை எழுதிப் பெயர் பெற்றவரல்லர். திருநெல்வேலியில் தம் வீட்டு வட்டத்தொட்டி என்னும் முற்றத்தில் நண்பர்களை உட்கார்த்தி வைத்துக்கொண்டு, கம்பனின் ஒரே செய்யுளை நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பச் சொல்லி, அது தானாகத் திறந்துகொள்ளும் வரையில் பொறுத்திருப்பார். அதுவே அவருடைய போதனா முறை. ஒரு பொருளின்முன் அவசரமின்றித் தங்கியிருப்பது, தங்கியிருக்கும் இன்பத்தைப் பக்கத்தில் இருப்பவருக்கும் தொற்ற வைப்பது என்ற இந்த இரண்டையும் விலக்கிவிட்டால் இரசனைக் கல்வியில் மிச்சம் ஒன்றுமில்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலும் இங்கே நமக்கு நேராகவே துணை செய்கிறது. எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக மருட்கையை, அதாவது வியப்பைச் சொல்லி, அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்றும் அந்நூல் வகுத்திருக்கிறது: முன்பு காணாத புதியது, மிகப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று மற்றொன்றாக மாறுவது. ஐந்து வயதுக் குழந்தை ஒன்றைத் தெருவில் ஒரு மணி நேரம் பின்தொடர்ந்து சென்று, அது எங்கெங்கே நின்றது என்று குறித்துக்கொண்டு வந்தால், அந்த இடங்கள் அனைத்தும் இந்த நான்கில் ஏதேனும் ஒன்றில் அடங்கிவிடும். யானையின்முன் நிற்கும், எறும்பின்முன்னும் அதே அளவு நேரம் நிற்கும். பெரியவர்களாகிய நாம் எறும்பின்முன் நிற்பதை விட்டுவிட்டோம் என்பதைத் தவிர, நமக்கும் அதற்கும் இவ்விஷயத்தில் வேறு வித்தியாசம் இல்லை.

இத்துறையின் சரித்திரத்தை நீட்டிச் சொல்வதில் பயன் குறைவு. 1850இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் கலைப்பள்ளியைத் தொடங்கிய காலத்தில், கைத்தொழிலுக்கும் பொறியியலுக்கும் வேண்டிய துல்லியமான கோடுகளை இழுக்கத்தக்க கைகளே தேவைப்பட்டன. அந்தத் தேவையின் நிழல் நம் பள்ளிகளின் ஓவிய வகுப்பின்மீதும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வின்மீதும் இன்றளவும் படிந்திருக்கிறது. குடத்தைக் குடம்போல வரைந்தால் மதிப்பெண். அந்தக் குடத்தின் வயிறு ஏன் அப்படித் திரண்டது, இடுப்பில் வைக்கும் குடத்துக்கும் அடுப்பில் வைக்கும் பானைக்கும் வடிவம் ஏன் மாறியது என்று கேட்பார் இல்லை. இதற்கு மாறான பாதையை ஐரோப்பாவில் முதலில் வெட்டியவர்களுள் ஒருவர், 1897இல் வியன்னாவில் சிறுவர் கலை வகுப்பைத் தொடங்கிய பிரான்ஸ் சீசெக் என்பவர். குழந்தையின் சித்திரம் பெரியவர் சித்திரத்தின் குறைப்பிரதியன்று, அதற்கென ஒரு தர்மம் உண்டு என்று அவர் வாதித்தார். 1943இல் ஆங்கிலக் கலை விமர்சகர் ஹெர்பர்ட் ரீட் தம் நூலில் கலையைக் கல்வியின் ஒரு பாடமாக அன்றி அதன் வழியாகவே ஆக்க வேண்டும் என்று எழுதினார். நம் நாட்டில் அந்தக் கருத்து அச்சேறும் முன்பே நடைமுறைக்கு வந்துவிட்டது: தாகூர் 1901இல் தொடங்கிய சாந்திநிகேதனப் பள்ளியும், 1919இல் அங்கே அமைந்த கலாபவனமும், பின்னர் அதன் தலைமையேற்ற ஓவியர் நந்தலால் போஸும் அதற்குச் சாட்சி. 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டிலிருந்து கிளைத்த காந்தியடிகளின் ஆதாரக் கல்வியில் கைத்தொழிலே பிரதானம், கலைக்கு இடமில்லை என்று கருதுவோர் உண்டு. சாந்திநிகேதனத்தில் பயின்று 1944இல் சேவாகிராமத்துக்கு வந்து பல்லாண்டுகள் குழந்தைகளோடு வேலை செய்த தேவி பிரசாத்தின் அநுபவம் அக்கருத்தைப் பொய்யாக்கியது. நூல் நூற்கும் பள்ளியிலும் குழந்தைகள் வரைந்தார்கள், மண் பிசைந்தார்கள், தாம் செய்ததையும் பிறர் செய்ததையும் பார்த்துப் பேசவும் கற்றார்கள்.

இவற்றையெல்லாம் நம் அரசாங்கங்கள் அறியாமலில்லை. 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும், 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையும் கலைக்குச் சொல்லளவில் உயர்ந்த ஆசனம் இட்டிருக்கின்றன. சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள இடைவெளியை அறிய விரும்புவோர், 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டிப் பார்க்கலாம்: கலைக்கென ஒரு பகுதிநேர ஆசிரியர் என்பது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலும், அதுவும் நூறு குழந்தைகளுக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு மட்டுமே. 2012இல் தமிழ்நாட்டில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில், வாரத்துக்கு மூன்று அரை நாள் என்ற கணக்கில் நியமிக்கப்பட்டார்கள். ஊதியம் பின்னர் சிறிது சிறிதாக உயர்ந்தது. நிரந்தரம் வேண்டி அவர்கள் நடத்திய போராட்டங்களோ செய்தித்தாள் வாசகர் அனைவரும் அறிந்தவை. ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை, புலன்கள் விழித்திருக்கும் அந்த ஐந்து வருஷங்களுக்குச் சட்டத்திலும் இடமில்லை, நியமனத்திலும் இடமில்லை என்பதே கவனிக்கத்தக்கது. பிடிக்கும் வயதைத் தப்பவிட்டு, மீசை அரும்பும் வயதில் ஓவிய ஆசிரியரை அனுப்புகிறோம்.

போட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1949இல் தில்லியில் தொடங்கிய குழந்தைகள் ஓவியப் போட்டி உலகப் புகழ் பெற்றது. நம் மாநிலத்தின் அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடந்துவரும் கலைத்திருவிழாவும் இதுவரை மேடையையே காணாத பல குழந்தைகளை மேடையேற்றியிருக்கிறது. அந்த நன்மையை மறுக்கிறவன் நான் அல்லேன். ஆயினும் போட்டி, வரைகிறவனையும் ஆடுகிறவளையும் உண்டாக்குமேயன்றி இரசிகரை உண்டாக்காது. நாற்பது பேர் வகுப்பில் ஒருவனுக்குப் பரிசு கிடைத்தால், எஞ்சிய முப்பத்தொன்பது பேரும் அன்று கற்றுக்கொள்வது, கலை நமக்கு வராது என்ற ஒன்றையே. அவர்கள் ஓவியர்களாக வேண்டியதில்லை. ஆனால் நாளைக்கு வீடு கட்டப் போகிறவர்களும், புடைவை எடுக்கப் போகிறவர்களும், ஊராட்சி மன்றத்தில் அமர்ந்து குளத்தங்கரையில் எந்த மரத்தை வெட்டலாம் என்று தீர்மானிக்கப் போகிறவர்களும் அவர்களே.

இனிச் சிதம்பரத்துக்கு வருவோம். தொழிற்பேட்டையிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய அந்த ஊரில், நடராஜர் கோயிலின் ஏழு நிலைக் கோபுரங்கள் நான்கு நிற்கின்றன. பள்ளிச் சுற்றுலா என்ற பெயரால் குழந்தைகள் அங்கே அழைத்துச் செல்லப்படுவதுண்டு. சென்ற குழந்தைகளுக்கு நினைவிருப்பது, வரிசையில் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியதும், தலையை எண்ணியதும், திரும்பும்போது வாங்கிய பொரியுருண்டையுமே. அவர்கள் ஓடிய வாயில்களின் உட்சுவர்களிலேயே, தலைக்கு மேலும் கைக்கெட்டும் உயரத்திலுமாக, பரதரின் நாட்டிய சாஸ்திரம் கூறும் கரணங்கள் என்னும் நடன நிலைகள் நூற்றெட்டும் நடன மாதர் உருவங்களாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் ஒவ்வொரு கரணத்துக்கும் உரிய வடமொழிச் சுலோகமும் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் இந்தக் கரணங்களை ஆராய்ந்து அதே ஊரில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். ஓடுகிற காலுக்கு நிற்கிற கல் தெரியாது.

நூற்றெட்டையும் காட்ட வேண்டியதில்லை, காட்டவும் கூடாது. ஒன்று போதும். புஜங்கத்ராசிதம் என்று ஒரு கரணம் உண்டு. பெயரைக் கேட்டால் அச்சமாயிருக்கும், பொருளோ குழந்தைகளுக்கு மிகவும் பழக்கமானது: காலடியில் பாம்பைக் கண்டு திடுக்கிட்டுக் காலைத் தூக்குவது. நடராஜ வடிவத்தில் குறுக்கே தூக்கிய திருவடி இந்தக் கரணத்தோடு சேர்த்து எண்ணப்படுகிறது. உப்பனாற்றங்கரையில் வளரும் குழந்தைக்குப் பாம்பு புதிதன்று. நீ பாம்பைப் பார்த்ததுண்டா, அப்போது உன் எந்தக் கால் முதலில் எழும்பியது, கை என்ன செய்தது, முகம் எந்தப் பக்கம் திரும்பியது என்று உபாத்தியாயர் கேட்டு, அவனையே அப்படி நிற்கச் சொல்லிவிட்டு, பிறகு சுவரைக் காட்டட்டும். பயந்து துள்ளிய ஒரு கணத்தை, ஒருவன் எடுத்து, பயத்தை மட்டும் கழித்துவிட்டு, நடனமாக மாற்றியிருக்கிறான் என்பது அந்தக் குழந்தைக்கு எவரும் விளக்காமலே விளங்கும். தொல்காப்பியம் நான்காவதாகச் சொன்ன, ஒன்று மற்றொன்றாக மாறும் வியப்பு அதுதான். சென்னை அருங்காட்சியகத்து நடராஜத் திருமேனிகளின் புகைப்படங்களை மட்டும் மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு, பிரெஞ்சுச் சிற்பி ரோதன் 1913இல் ஒரு கட்டுரை எழுதினார். இதழ், கழுத்து, கால் என்று அங்கம் அங்கமாக நின்று பார்த்த பார்வை அது. அவருக்குக் கிடைத்தது படம். நம் குழந்தைகளுக்கு ஒரு மணி நேரப் பயணத்தில் கல்லே கிடைக்கிறது.

நடன மாதரைப் பார்த்து முடித்த குழந்தைகளிடம் தஞ்சாவூர்க் கதையையும் சொல்லலாம். பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் கரணங்கள் 81 வரையில் செதுக்கப்பட்டு, எஞ்சியவற்றுக்கு என விட்ட கற்கள் வெறுமையாகவே நின்றுவிட்டன. ஏன் நின்றது என்று குழந்தைகள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் வீட்டுக்கு அனுப்புவது நல்ல உபாத்தியாயருக்கு அழகு.

மீண்டும் சிதம்பரம் ஆலயத்துக்கே வந்தால், அங்கே சிவகாமியம்மன் சந்நிதி முன்மண்டபத்தின் கூரையில் நாயக்கர் காலத்து வண்ணச் சித்திரங்கள் பட்டை பட்டையாகக் கதை சொல்லிக்கொண்டு போகின்றன. பிட்சாடனரும் மோகினியும் அங்கே உண்டு. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். படுத்துப் பார்க்கக் கோயிலில் இயலாது. ஆகையால் ஒரு சிறு கண்ணாடியை உள்ளங்கையில் ஏந்தி, அதில் விழும் கூரையைப் பார்த்துக்கொண்டே நடக்கச் செய்யலாம். காவியும் சுண்ணாம்பும் கரியும் கொண்டு அந்நிறங்கள் எப்படி வந்தன என்ற பேச்சு எழும்போது, தொழிற்பேட்டைக் குழந்தைகளுக்கு மட்டும் உரிய ஒரு விஷயமும் உடன் எழ வேண்டும். சாயங்களும் நிறமிகளும் அந்தப் பேட்டையிலேயே தயாராகின்றன. நிறம் என்பது எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இவ்வளவு அருகில் வாழும் குழந்தைகள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. ஆயினும் அந்தக் கேள்வியை அவர்களிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சிதம்பரம் கோயிலுக்குப் போக முடியாத நாள்களிலும் இவ்வட்டாரத்தில் பார்க்கத்தக்கவற்றுக்குப் பஞ்சமில்லை. கடலூர் வண்டிப்பாளையத்தில் நவராத்திரிக்கு முன்னால் போனால், நேற்றுக் களிமண்ணாக இருந்தது இன்று அச்சிலிருந்து பிரிந்து, நாளைக்குச் சூளையேறி, மறுநாள் கண் திறந்து கொலுப் பொம்மையாகும் படிகளை ஒரே திண்ணையில் காணலாம். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் நிலையத்தில், சங்கும் சிப்பியும் பவளமுமாகச் சேர்த்து வைத்திருக்கும் காட்சிசாலை இருக்கிறது. மிகச் சிறியதன்முன் வியந்து நிற்க அதைவிட நல்ல இடம் சொல்ல எனக்குத் தெரியாது. கிள்ளையில் மாசிமகத்தன்று ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் கடலாட வரும்போது, வழியில் தர்கா வாசலில் முஸ்லிம் பெருமக்கள் எதிர்கொண்டு மரியாதை செய்வதும், மாலையின் மணமும், மேளத்தின் முழக்கமும் சேர்ந்து ஒரு குழந்தையின் நினைவில் தங்கக்கூடிய முழுக் காட்சி. தென்னார்க்காட்டு மண்ணில் வேரூன்றிய தெருக்கூத்து இருக்கிறது. மரக்கட்டைக் கிரீடமும் புஜக்கட்டையும் பூண்டு திரைக்குப் பின்னால் துரியோதனன் அசையும் அந்தக் கணத்தில் விழித்திருக்கும் குழந்தைக்கு, நாடகம் என்றால் என்ன என்று பின்னால் எவரும் சொல்ல வேண்டியதில்லை. மார்கழி வாசல்களில் உள்ள புள்ளிக் கோலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது தாய்மார் தினந்தோறும் இலவசமாக நடத்தும் வடிவகணித வகுப்பு.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். மூச்சுவிடும் காற்றுக்கே முறையிடும் ஊர்களில் சித்திரத்தையும் சிற்பத்தையும் பற்றிப் பேசுவது, பசித்தவனுக்குப் பாயசத்தின் மணத்தைக் காட்டுவது போலாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கேட்பதில் நியாயமும் உண்டு. தொழிற்சாலைக் கழிவுக்கும் காற்றுக்கும் எதிரான அந்த ஊராரின் வழக்கு நீண்டகாலத்தது. ஆனால் அந்த வழக்கின் ஒரு பகுதியைக் கூர்ந்து நோக்குக: 2004 வாக்கில் குடிகாடு, ஈச்சங்காடு முதலிய ஊர்களின் சாதாரண ஆண்களும் பெண்களும், எந்த நேரத்தில், எந்தத் திசைக் காற்றில், எதைப் போன்ற வாடை வந்தது என்று பிரித்தறிந்து, அழுகின முட்டை, நகப்பூச்சு என்றெல்லாம் அடையாளம் சொல்லி, நாள்வாரியாகக் குறித்து வைக்கப் பழகினார்கள். சாமானியப் புலன்கள் கூர்மைப்பட்டபோது அவை சாட்சியமாகி நின்றன. அழகை நுகரத் தெரிந்த மூக்கும் கண்ணுமே அவலட்சணத்தையும் அறிந்து சொல்லும். ஒன்றுக்கு மட்டும் பழக்கி மற்றொன்றுக்கு மழுக்கிவிட இயலாது. ஆகவே கலை இரசனையை ஆறுதல் மருந்தாகக் கொண்டு அந்தக் குழந்தைகளுக்குப் புகட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தங்கள் ஆற்றின் நிறம் மாறுவதை முதலில் காண்பவர்கள் அவர்களாகவே இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

முறைகளைப் பற்றி நூல்கள் நிறையப் பேசுகின்றன. எனக்குத் தேறியவை சிலவே. ஏழெட்டு வயது வரையில் குழந்தை படத்தில் கதையைத் தேடும்; யார் வருகிறார், என்ன செய்கிறார் என்று கேட்டால் உற்சாகமாகச் சொல்லும்; அழகாக இருக்கிறதா என்று கேட்டாலோ, ஆமாம் டீச்சர் என்று ஒரே குரலில் முடித்துவிடும். ஒன்பது, பத்து வயதில்தான் இது எப்படிச் செய்யப்பட்டது, ஏன் இப்படி என்ற நாட்டம் மெல்ல விழிக்கிறது. எந்த வயதிலும் முதல் இரண்டு நிமிஷம் பேசாமல் பார்க்க விடுவது நலம். பெரும்பாலான உபாத்தியாயர்களுக்கு அந்த இரண்டு நிமிஷ மௌனம்தான் கஷ்டம். நல்ல சித்திரங்களையும் பொருள்களையும் பள்ளியிலேயே கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்று நந்தலால் போஸ் எழுதினார். நம் வகுப்பறைகளில் தலைவர் படங்கள் உத்தரத்துக்கு அருகில் தொங்குகின்றன, குழந்தையின் கண்ணோ தரையிலிருந்து மூன்றடியில் இருக்கிறது. படத்தைக் கீழே இறக்கி மாட்ட அரசாணை வேண்டியதில்லை, ஓர் ஆணி போதும். மதிப்பெண் மட்டும் வேண்டாம். இரசனைக்கு மதிப்பெண் இட்ட அன்றே குழந்தை, தான் கண்டதை விட்டு, டீச்சர் விரும்புவதைச் சொல்லத் தொடங்கிவிடும்; இரண்டு மலைகள் பிறந்த வழி அதுவே.

இச்சாலையோரப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களை ஒன்று மாத்திரம் கேட்டுக்கொள்கிறேன். வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குமுன் ஒரு நாள், ஒரு வகுப்பை மட்டும், அதிகாலைப் பஸ்ஸில் சிதம்பரத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். மேற்குக் கோபுர வாயிலில், போக்குவரத்துக்கு இடைஞ்சலில்லாமல் ஓரமாக நிறுத்தி, ஒரே ஒரு கல்லைக் காட்டுங்கள். மற்றவற்றை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.